வை-பை வேறு, இன்டர்நெட் வேறு: ராஸ்பெரி பை கொண்டு பின்கட்டுக்கு ஒரு அக்சஸ் பாயின்ட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னைச் சந்திக்கும்போது தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வை-பை கோடு முழுசா காட்டுது சார், ஆனா நெட் வரலை. ஏன்?" இன்னும் சிலர் இதையே திருப்பிக் கேட்பார்கள். "நல்ல ஸ்பீடு கனெக்ஷன்தான் எடுத்திருக்கேன். கூடத்தில் பறக்குது, படுக்கையறையில் ஒரு பக்கம்கூடத் திறக்கலை. கம்பெனிக்காரன் ஏமாத்துறானா?"

இரண்டு கேள்விகளுக்கும் அடிப்படை ஒன்றுதான். வை-பை வேறு, இன்டர்நெட் வேறு. உங்கள் போனில் தெரியும் அந்தக் கோடுகள், போனுக்கும் வீட்டில் உள்ள பெட்டிக்கும் இடையே ரேடியோ தொடர்பு எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதை மட்டும்தான் காட்டுகின்றன. அந்தப் பெட்டிக்கு வெளியிலிருந்து இன்டர்நெட் வருகிறதா என்பது தனிக் கணக்கு. இதைப் புரிந்துகொண்டால் வீட்டு நெட்வொர்க்கில் வரும் பாதிச் சிக்கல்களை நீங்களே தீர்த்துவிடலாம். இதைக் கையால் செய்து பார்த்துக் கற்றுக்கொள்ள நல்ல வழி, ராஸ்பெரி பை என்னும் சின்ன கம்ப்யூட்டரை வயர்லெஸ் அக்சஸ் பாயின்டாக மாற்றுவது. எப்படி என்று பார்ப்போம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பிராட்பேண்ட் நிறுவனத்தார் வந்து சுவரில் மாட்டிவிட்டுப் போகும் பெட்டியை நாம் "மோடம்" என்றும் "ரவுட்டர்" என்றும் விருப்பம்போல அழைக்கிறோம். உண்மையில் ஒரே பெட்டிக்குள் பல வேலைகள் நடக்கின்றன. பைபர் கேபிளில் ஒளியாக வருவதைத் தகவலாக மாற்றுவது ஒன்று. வெளியுலகில் உங்கள் வீட்டுக்கு உள்ள ஒரே முகவரியை வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள பத்துக் கருவிகளுக்கும் வரும் தகவலைப் பிரித்துக் கொடுப்பது இன்னொன்று. இதுதான் ரவுட்டரின் வேலை. தெருவில் கதவு எண் ஒன்று, வீட்டுக்குள் நாலு பேர். தபாலை வாங்கி உரியவரிடம் சேர்ப்பது போல. மூன்றாவது, புதிதாக வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் உள் முகவரி கொடுப்பது. இதற்கு டி.எச்.சி.பி. என்று பெயர். நான்காவது, இவை அனைத்தையும் ஒயர் இல்லாமல் காற்றில் அனுப்புவது. அக்சஸ் பாயின்ட் என்பது இந்த நான்காவது வேலை மட்டுமே.

நான்கும் ஒரே பெட்டியில் இருப்பதால், ஒயர் எங்கே வீட்டுக்குள் நுழைகிறதோ அங்கேயே வை-பையும் அமர்ந்துவிடுகிறது. ஒயர் வாசல் பக்கம் வரும். ஆட்கள் வீடு முழுக்க இருப்பார்கள். கோளாறு இங்கே தொடங்குகிறது.

கும்பகோணம் பக்கம் என் அக்கா வீடு அந்தக் காலத்து வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம், செங்கல்லும் சுண்ணாம்பும். பெட்டி இருப்பது கூடத்தில். அத்தானின் அம்மா இருப்பது இரண்டாம் கட்டுக்கும் பின்னால் உள்ள அறையில். நாங்களும் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவோம். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து கட்டிலை விட்டு அதிகம் இறங்குவதில்லை. இளைய மகன் குவைத்தில் வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. அன்று வீடியோ காலில் வருவார். அத்தை காலையிலேயே தலைவாரி, கண்ணாடி போட்டுக்கொண்டு தயாராக இருப்பார். கால் வரும், மகன் முகம் ஒரு நொடி தெரியும், அப்படியே உறைந்துவிடும். "தம்பி, அவன் வாய் அசையுது, குரல் வரலையே" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். மூன்று வாரம் இப்படி ஆனதும், "அவனுக்கு என்ன வேலையோ, தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று போனைக் கையில் வாங்குவதையே நிறுத்திவிட்டார்.

பிராட்பேண்ட் வேகத்தைக் கூட்டினால் சரியாகும் என்று அத்தான் இரண்டு முறை பிளான் மாற்றியிருந்தார். பயன் இல்லை. இருக்கவும் முடியாது. கூடத்துக் குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வந்தாலும், பின்கட்டுக்குக் குழாய் போடாமல் அங்கே தண்ணீர் வராது. வீடியோ காலுக்கு ஓரிரு எம்பிபிஎஸ் வேகமே போதும். ஆனால் அது விட்டு விட்டு வராமல் சீராக வரவேண்டும்.

ரிப்பீட்டர் போதாதா?

கடைகளில் பிளக்கில் செருகும் ரிப்பீட்டர்கள் கிடைக்கின்றன. இவை வரும் சிக்னலைக் காற்றிலேயே வாங்கி, மறுபடி காற்றிலேயே அனுப்புபவை. ஒரே ரேடியோ வாங்கவும் கொடுக்கவும் செய்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதுகூடப் பரவாயில்லை. ரிப்பீட்டரை நல்ல சிக்னல் உள்ள இடத்தில் வைத்தால்தான் அது வேலை செய்யும். பலர் சிக்னல் இல்லாத அறையில் வைத்துவிட்டு ஏன் வரவில்லை என்று கேட்கிறார்கள். இல்லாததை அது எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்? நாலு கனத்த சுவர் உள்ள வீட்டில் பாதி தூரம் வரை ஒயர், அதற்குப் பின் காற்று என்பதுதான் நம்பகமான வழி. ஒயரின் முனையில் வைக்கும் கருவிதான் அக்சஸ் பாயின்ட்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்காகவே புதிதாக ராஸ்பெரி பை வாங்க வேண்டியதில்லை. அக்சஸ் பாயின்ட் மோடு உள்ள சாதாரண ரவுட்டர் ஒன்று அதைவிட மலிவாகக் கிடைக்கும். வெளியே நீட்டிய ஆன்டெனாவும் இருப்பதால் தூரமும் அதிகம் எட்டும். உங்களிடம் ஏற்கனவே ஒரு ராஸ்பெரி பை சும்மா இருந்தாலோ, உள்ளே என்னதான் நடக்கிறது என்று கற்க ஆசை இருந்தாலோ இந்த வழிக்கு வாருங்கள். அக்கா மகன் பள்ளியில் புரோகிராமிங் கற்க வாங்கிய ராஸ்பெரி பை 4 அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் எடுத்தோம்.

எந்த மாடல்?

ராஸ்பெரி பை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், பள்ளிப் பிள்ளைகள் கம்ப்யூட்டரை ஆராய்ந்து கற்கவேண்டும் என்ற நோக்கத்தில் உருவானது. 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. ஏ.டி.எம். கார்டு அளவுதான் இருக்கும். அதற்குள் பிராசசர், மெமரி, யூ.எஸ்.பி. துளைகள், மானிட்டர் இணைப்பு எல்லாம் ஒரே போர்டில். ஹார்ட் டிஸ்க் கிடையாது. மைக்ரோ எஸ்.டி. கார்டில்தான் ஆப்பரேட்டிங் சிஸ்டம் இருக்கும்.

முதலில் வந்த மாடல்களில் வை-பை இல்லை. 2016-ல் வந்த ராஸ்பெரி பை 3 மாடல் பி-யில்தான் முதன்முதலாகப் போர்டிலேயே வை-பை சேர்ந்தது, அதுவும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும். 2018-ல் வந்த 3 பி பிளஸ் முதல் 5 ஜிகாஹெர்ட்ஸும் உண்டு. 2019-ல் வந்த பை 4, 2023-ல் வந்த பை 5 இரண்டும் தாராளமாகப் போதும். பை ஜீரோ டபிள்யூ, பை ஜீரோ 2 டபிள்யூ என்ற குட்டி மாடல்களில் வை-பை உண்டு. ஆனால் நெட்வொர்க் கேபிள் செருகும் ஈதர்நெட் துளை இல்லை. நமக்கு ஒரு பக்கம் ஒயர், மறுபக்கம் ரேடியோ இரண்டுமே வேண்டும். ஆகவே அவற்றை இந்த வேலைக்கு விட்டுவிடலாம்.

"இத்துனூண்டு போர்டு ரவுட்டர் வேலையைச் செய்யுமா?" என்று அத்தான் கேட்டார். நம் வீட்டு ரவுட்டர்களும் சின்ன கம்ப்யூட்டர்கள்தான். பலவற்றுக்குள் ஓடுவது லினக்ஸ். லிங்க்சிஸ் நிறுவனத்தின் நீல நிற ரவுட்டர் ஒன்று அந்தக் காலத்தில் மிகப் பிரபலம். அதற்குள் லினக்ஸ் இருப்பது தெரியவந்து, 2003-ல் அதன் மூல நிரல் வெளியானது. அதிலிருந்து கிளைத்ததுதான் இன்றுவரை பயன்படும் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்னும் ரவுட்டர் சாப்ட்வேர். ராஸ்பெரி பையிலும் லினக்ஸ்தான். பெட்டி மட்டும் மாறுகிறது.

கரண்ட் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். பை 3-க்கு 2.5 ஆம்பியர், பை 4-க்கு 3 ஆம்பியர் தரும் அதற்குரிய அடாப்டரையே பயன்படுத்துங்கள். பழைய போன் சார்ஜரைச் செருகினால் போர்டு எழுந்துகொள்ளும், ஆனால் வேலை அதிகமாகும்போது வோல்டேஜ் குறைந்து தடுமாறும். மானிட்டரின் மூலையில் மின்னல் போன்ற ஒரு குறி தோன்றினால் கரண்ட் போதவில்லை என்று பொருள். இன்னொன்று, பை 4, பை 5 இரண்டிலும் மானிட்டர் துளை மைக்ரோ எச்.டி.எம்.ஐ. அளவு. டிவிக்கு வைத்திருக்கும் சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிள் நேராகச் சேராது. கேபிளைப் பார்த்து வாங்குங்கள். போர்டுக்குப் பிளாஸ்டிக் பெட்டியே நல்லது. உலோகப் பெட்டி அழகாக இருக்கும், வை-பையை அமுக்கிவிடும்.

கேபிள்தான் பாதி வேலை

சாப்ட்வேர் வேலை அரை மணி நேரம். கேபிள் இழுக்க எங்களுக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. கேட் 5இ அல்லது கேட் 6 என்று கேட்டு வாங்குங்கள். இவை 100 மீட்டர் வரை சிக்னலைக் கொண்டு செல்லும், எந்த வீட்டுக்கும் இது போதும். விலை குறைந்த சில கேபிள்களில் அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் மட்டும் பூசியிருப்பார்கள். முனையை வெட்டிச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். முழுச் செம்பே வேண்டும் என்று சொல்லுங்கள்.

முற்றத்தின் குறுக்கே வெட்டவெளியில் இழுத்தால் தூரம் குறையும் என்றார் எலக்ட்ரீஷியன். மழையும் இடியும் உள்ள ஊரில் அது வேண்டாம் என்று, தாழ்வாரத்து உத்திரத்தை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போனோம். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் சேர்த்து விடக்கூடாது. தனி பி.வி.சி. பைப் போடுங்கள். எலிகளுக்கு இந்த கேபிள் என்றால் தனிப் பிரியம்.

இரு முனையிலும் ஆர்.ஜே. 45 பின் மாட்டும்போது நிற வரிசை ஒன்றாக இருக்கவேண்டும். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இதைத் துண்டுச் சீட்டில் எழுதி எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். கேபிளின் ஒரு முனை கூடத்துப் பெட்டியில் "லேன்" என்று எழுதியுள்ள துளை ஒன்றில் போகவேண்டும். மறுமுனை ராஸ்பெரி பையில்.

கார்டைத் தயார் செய்தல்

உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் ராஸ்பெரி பை நிறுவனத்தின் தளத்திலிருந்து "ராஸ்பெரி பை இமேஜர்" என்ற இலவச புரோகிராமை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும். 32 ஜிபி மைக்ரோ எஸ்.டி. கார்டு ஒன்றைக் கார்டு ரீடரில் செருகவும். இமேஜர் மூன்று விஷயங்களைக் கேட்கும். எந்த மாடல் போர்டு, எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம், எந்தக் கார்டு. ஆப்பரேட்டிங் சிஸ்டமாக டெஸ்க்டாப்புடன் கூடிய ராஸ்பெரி பை ஓ.எஸ்.ஸைத் தேர்ந்தெடுங்கள். "லைட்" என்று ஒன்றும் இருக்கும். அது கறுப்புத் திரையில் கட்டளை டைப் செய்து பழகியவர்களுக்கு. கார்டில் உள்ள எல்லாமே அழிந்துவிடும் என்று எச்சரிக்கை வரும். அது நிஜம். கல்யாண போட்டோக்கள் உள்ள பழைய கேமரா கார்டை இதற்கு எடுக்காதீர்கள்.

எழுதி முடிந்ததும் கார்டை ராஸ்பெரி பையில் செருகி, மானிட்டர், கீபோர்டு, மவுஸ், நெட்வொர்க் கேபிள் எல்லாவற்றையும் இணைத்த பின் கடைசியாகக் கரண்ட் கொடுங்கள். முதல் முறை எழும்போது நாடு, மொழி, யூசர் பெயர், பாஸ்வேர்ட் கேட்கும். சிலவற்றை இமேஜரிலேயே கொடுத்துவிடவும் முடியும். எங்கே கேட்டாலும் நாடு என்ற இடத்தில் "இந்தியா" என்று கொடுப்பது கடிகாரத்துக்காக மட்டும் அல்ல. எந்தெந்த சேனலில், எவ்வளவு பலத்தில் வை-பை ஒலிபரப்பலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். நாடு எது என்று தெரியாதவரை ராஸ்பெரி பை தன் வை-பை ரேடியோவைப் பூட்டியே வைத்திருக்கும். நம் நாட்டில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சக்திக் கருவிகளை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த 2005-ல்தான் விதி வந்தது. அதனால்தான் இன்று நாம் யாரையும் கேட்காமல் வீட்டில் வை-பை வைக்க முடிகிறது.

வை-பை நெட்வொர்க்கில் சேரவா என்று கேட்டால் "ஸ்கிப்" கொடுங்கள். நமக்கு இன்டர்நெட் கேபிளில் வருகிறது. ரேடியோவை வெளியே கொடுப்பதற்காகக் காலியாக வைத்திருக்கவேண்டும். பின்னர் அப்டேட் செய்யச் சம்மதியுங்கள்.

ஹாட்ஸ்பாட் அமைத்தல்

டெஸ்க்டாப் வந்ததும் திரையின் வலது மேல் மூலையில் நெட்வொர்க் ஐகான் இருக்கும். கேபிள் சரியாக இருந்தால் மேலும் கீழும் பார்க்கும் இரண்டு அம்புக்குறிகள் தெரியும். அதில் கிளிக் செய்து, கிடைக்கும் மெனுவில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்", அதில் "கிரியேட் வயர்லெஸ் ஹாட்ஸ்பாட்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும். ஒரு சிறு விண்டோ திறக்கும். அதில் நெட்வொர்க்கின் பெயர், பாதுகாப்பு முறை, பாஸ்வேர்ட் கேட்கப்படும். பாதுகாப்பு முறையில் டபிள்யூ.பி.ஏ.2 என்று உள்ளதைக் கொடுத்து, "கிரியேட்" கிளிக் செய்திடவும். அவ்வளவுதான், போனை எடுத்துத் தேடிப் பாருங்கள், புதிய பெயர் தெரியும்.

முன்பெல்லாம் இதற்கு இரண்டு மூன்று புரோகிராம்களைத் தனித்தனியே இன்ஸ்டால் செய்து, ஒவ்வொன்றின் செட்டிங்ஸ் பைலையும் கையால் திருத்தவேண்டும். 2023 அக்டோபரில் வந்த பதிப்பு முதல் நெட்வொர்க் மேனேஜர் என்ற ஒரே புரோகிராம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. பழைய புத்தகம் எதிலாவது பைல் திருத்தும் முறையைப் படித்திருந்தால் மறந்துவிடுங்கள்.

ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. இப்படி உருவாக்கிய ஹாட்ஸ்பாட், கரண்ட் போய் வந்தால் தானாக எழாமல் போகலாம். மறுபடி நெட்வொர்க் ஐகான், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், "எடிட் கனெக்ஷன்ஸ்" என்று செல்லவும். பட்டியலில் உங்கள் ஹாட்ஸ்பாட்டைத் தேர்ந்தெடுத்து, கீழே உள்ள பல்சக்கர ஐகானில் கிளிக் செய்திடவும். "ஜெனரல்" டேபில் "கனெக்ட் ஆட்டோமேட்டிக்கலி" என்று தொடங்கும் வரியில் டிக் செய்திடவும். கூடவே "வை-பை" டேபில் "பேண்ட்" என்ற இடத்தில் 2.4 ஜிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்து, சேனலை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றாக வைக்கவும். இந்த மூன்றும்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. கூடத்துப் பெட்டி 1-ல் இருந்தால் இதை 11-ல் வையுங்கள். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானதுதான், ஆனால் சுவரைத் தாண்டுவதில் 2.4-க்கு ஈடாகாது. சேமித்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, கைவைக்காமலே ஹாட்ஸ்பாட் எழுகிறதா என்று பார்த்த பிறகே மானிட்டரைக் கழற்றுங்கள்.

பெயர் வைப்பது பற்றி ஒரு வார்த்தை. கூடத்துப் பெட்டியின் பெயரையே இதற்கும் வைத்தால், பல போன்கள் தூரத்துப் பழைய பெட்டியையே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். வேறு பெயராக இருந்தால் நாம் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். தமிழிலேயே வைக்கலாமா என்று அக்கா மகன் கேட்டான். வை-பை பெயருக்கு 32 பைட் வரை இடம் உண்டு. யூனிகோடில் ஒரு தமிழ் எழுத்துக் குறிக்கு 3 பைட். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். கணக்குப் போட்டுப் பார்த்தால் "பின்கட்டு" என்பது 27 பைட்தான், இடம் போதும்! ஆனால் சில பழைய கருவிகள் இதைக் கட்டம் கட்டமாகக் காட்டும் என்பதால், ஆங்கில எழுத்தில் வைப்பதே பாதுகாப்பு.

கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள்

இப்போது ஒரு சோதனை. போனைப் புதிய வை-பையில் இணைத்து, ஏதாவது ஓர் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். திறக்கும். அடுத்து ராஸ்பெரி பையிலிருந்து நெட்வொர்க் கேபிளை மட்டும் பிடுங்குங்கள். போனில் வை-பை கோடுகள் குறையவே குறையாது. ஓர் ஆச்சரியக்குறியோ, "இன்டர்நெட் இல்லை" என்ற செய்தியோ வரலாம். ஆனால் இணைப்பு அப்படியே இருக்கும். கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது.

போனின் வை-பை விவரத்தில் ஐ.பி. முகவரி என்ற வரியையும் பாருங்கள். 10.42.0 என்று தொடங்கும். இது ராஸ்பெரி பை கொடுத்த முகவரி. அதன் சொந்த முகவரி 10.42.0.1. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் யாராவது "நெட் வரலை" என்று சொல்லும்போது வரிசையாகப் பார்க்கலாம். வை-பை பெயரே தெரியவில்லையா? ராஸ்பெரி பைக்குக் கரண்ட் போயிருக்கும் அல்லது ஹாட்ஸ்பாட் எழவில்லை. பெயர் தெரிகிறது, முகவரி கிடைக்கவில்லையா? லேப்டாப்பில் 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தால் இதே நிலைதான். ராஸ்பெரி பையை ரீஸ்டார்ட் செய்யுங்கள். 10.42 முகவரி இருக்கிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லையா? கூடத்துப் பெட்டிக்குப் போய் அங்கே இன்டர்நெட் இருக்கிறதா, கேபிள் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயும் இல்லை என்றால்தான் பிராட்பேண்ட் நிறுவனத்துக்குப் போன் செய்யவேண்டும்.

எங்கே வைப்பது?

அத்தை அறையில் ஸ்டீல் பீரோ மேல் இடம் காலியாக இருந்தது. அங்கே வைக்கவில்லை. பீரோ, தண்ணீர் டேங்க், பிரிட்ஜ் ஆகியவற்றின் மறைவு வை-பைக்கு ஆகாது. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய இதே 2.4 ஜிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது, பக்கத்தில் வைக்காதீர்கள். அறைக்கு வெளியே தாழ்வாரத்தில், ஆள் உயரத்துக்கு மேல், ஜன்னலுக்கு எதிரே ஒரு மரப் பலகை அடித்து வைத்தோம். ஜன்னல் வழியாக அறைக்குள் நேரே பார்வை. ராஸ்பெரி பைக்குள் இருக்கும் ஆன்டெனா மிகச் சிறியது. இரண்டு அறையும் தாழ்வாரமும் அதன் எல்லை. ஐந்தாறு கருவிகள் தாங்கும். கல்யாண மண்டபத்துக்கு வேறு கருவி பாருங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நான் ஊரில் இல்லை. அக்கா போன் செய்தாள். நாற்பது நிமிடம் பேசினார்களாம். பேரப்பிள்ளை அரபியில் ஏதோ பாட்டுப் பாடிக் காட்டியதாம். அத்தை போனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, பாதி நேரம் பேசாமல் அவர்கள் வீட்டில் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

பாஸ்வேர்டில் அலட்சியம் வேண்டாம்

டபிள்யூ.பி.ஏ.2 பாஸ்வேர்ட் குறைந்தது 8 எழுத்து, அதிகம் 63 எழுத்து. 12345678 என்பதும் 8 எழுத்துதான். அது ஏற்கப்படும் என்பதற்காக வைத்துவிடாதீர்கள். நான்கு சம்பந்தமில்லாத சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். 2008 ஜூலையில் அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தபோது, அதற்குப் பொறுப்பேற்று வந்த மின்னஞ்சல் நவி மும்பையில் ஒரு வீட்டின் பூட்டாத வை-பை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. அனுப்பியவர் வேறு ஆள். விசாரணைக்கு முதலில் ஆளானவர் அந்த வீட்டுக்காரர். உங்கள் வை-பையில் யார் எதைச் செய்தாலும் வெளியுலகுக்குத் தெரிவது உங்கள் வீட்டு முகவரிதான்.

ராஸ்பெரி பையின் யூசர் பாஸ்வேர்ட் தனி. 2022 ஏப்ரலுக்கு முந்தைய பதிப்புகளில் யூசர் பெயரும் பாஸ்வேர்டும் எல்லோருக்கும் ஒன்றே. அலமாரியில் இருந்த பழைய கார்டை அப்படியே பயன்படுத்த நினைத்தால் வேண்டாம், புதிதாக எழுதுங்கள்.

இந்த முறையில் உள்ள ஒரு குறையையும் சொல்லவேண்டும். ராஸ்பெரி பை தனியாக முகவரி கொடுப்பதால், பின்கட்டு ஒரு தனி நெட்வொர்க் ஆகிவிடுகிறது. பின்கட்டிலிருந்து இன்டர்நெட் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் கூடத்தில் உள்ள வை-பை பிரிண்டரையோ, ஸ்மார்ட் டிவியையோ பின்கட்டுப் போன் தானாகக் கண்டுபிடிக்காது. எல்லாமே ஒரே நெட்வொர்க்காக வேண்டும் என்றால் "பிரிட்ஜ்" என்ற முறையில் அமைக்கவேண்டும். அதில் ராஸ்பெரி பை முகவரி கொடுக்கும் வேலையை விட்டுவிட்டு, கேபிளையும் ரேடியோவையும் இணைக்கும் பாலமாக மட்டும் நிற்கும். சரியாகச் சொன்னால் அதுதான் அசல் அக்சஸ் பாயின்ட். இதற்கான கட்டளைகள் ராஸ்பெரி பை நிறுவனத்தின் உதவிப் பக்கங்களில் உள்ளன. முதலில் மேலே சொன்ன எளிய முறையில் சில வாரம் ஓட்டிப் பழகுங்கள், பிறகு அதற்குப் போகலாம்.

கரண்ட் போகும் ஊருக்கு

கூடத்துப் பெட்டிக்கு இன்வெர்ட்டர் இருந்து, ராஸ்பெரி பைக்கு இல்லை என்றால் பயன் இல்லை. இரண்டும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். திடீர் கரண்ட் கட்டில் அதிகம் அடிபடுவது எஸ்.டி. கார்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பைல்கள் கெடும், சில நேரம் போர்டு எழாமலே போகும். இதற்கு ராஸ்பெரி பையிலேயே மருந்து உண்டு. மெனுவில் "அக்சசரீஸ்" பிரிவில் "எஸ்.டி. கார்டு காப்பியர்" என்ற புரோகிராம் இருக்கிறது. யூ.எஸ்.பி. கார்டு ரீடரில் இன்னொரு கார்டைச் செருகி இதை இயக்கினால், ஓடிக்கொண்டிருக்கும் கார்டின் முழு நகல் கிடைத்துவிடும். செட்டிங்ஸ், ஹாட்ஸ்பாட் பெயர், பாஸ்வேர்ட் எல்லாம் அதிலும் அப்படியே இருக்கும். முதல் கார்டு போனால் கரண்டை நிறுத்தி, இதை மாற்றிப் போட்டால் போதும். அக்கா வீட்டில் அந்த இரண்டாவது கார்டு ஒரு சின்ன கவரில், பலகைக்கு அடியிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. கவர் மேல் எப்படி மாற்றுவது என்று அக்கா மகன் நான்கு வரியில் எழுதி வைத்திருக்கிறான்.